நெல் வைத்திருந்த டிராம்

உங்களில் யாருக்காவது டிராம் நினைவிருக்கிறதா? கொழும்புத் தெருக்களில் ஓடியதைக் கேட்கவில்லை. அதை நம்மில் பார்த்தவர்கள் குறைவு. நம் ஊருக்கு லொறியில் வந்து இறங்கியதே, அதைக் கேட்கிறேன். நினைவில்லை என்று சொல்லிவிடாதீர்கள். என்னோடு படித்த பெண்பிள்ளைகளில் பாதிப்பேர் அதைப் பார்க்க வந்தவர்கள். எதைப் பார்க்க வந்தீர்கள் என்பதும் உங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். எழுபது தாண்டிவிட்டோம். இனியாவது கதைப்போம்.

என் வாப்பா நெல் வியாபாரி. சாய்ந்தமருதுக்கு மேற்கே, வட்டை தொடங்குகிற இடத்தில் எங்கள் வளவு இருந்தது. முன்பக்கம் தெரு, பின்பக்கம் கண்ணுக்கெட்டிய தூரம் வயல். வாப்பா கொழும்புக்கு அரிசி ஏற்றிப் போவார், திரும்பும்போது லொறி வெறுமையாக வரும். வெறுமையாக வருவது அவருக்குப் பிடிக்காது. ஒருமுறை பழைய மரக்கதவுகள் கொண்டுவந்தார், ஒருமுறை உடைந்த தையல் மெஷின்கள். கொழும்பில் டிராமை நிறுத்தி, இரும்பையெல்லாம் பழைய இரும்புக்காரருக்குக் கொடுத்துவிட்டு, மரப்பெட்டிகளை மட்டும் யார் கேட்டாலும் விற்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும், ஒன்றை வாங்கி லொறியில் ஏற்றிவிட்டார்.

அது வந்த நாளில் பள்ளிவாசல் தெரு முழுவதும் எங்கள் வளவுக்குள் நின்றது. சில்லு இல்லாத டிராமை இருபது பேர் தூக்கிப் பின்வளவில் நாலு தென்னங்குற்றிகளின் மேல் வைத்தார்கள். பக்கங்களில் சுவரில்லை. மழைக்கு இழுத்துவிடக் கன்வஸ் திரை மட்டும் கந்தலாகத் தொங்கியது. உள்ளே குறுக்குவாட்டில் ஆட்கள் உட்கார மர வாங்குகள். அந்த வாங்குகளின் சாய்மனை முன்னும் பின்னும் ஆடும். டிராம் திரும்பும்போது ஆட்கள் முகத்தைத் திருப்பி உட்கார வசதியாகச் செய்தது என்று வாப்பா விளக்கினார். ஒரு தட்டுத் தட்டினால் 'டக்' என்று மறுபக்கம் சாயும். எண்ணெயும் புகையிலையும் ஆயிரம் பேரின் வியர்வையும் சேர்ந்த ஒரு மணம் அந்த மரத்தில் ஊறியிருந்தது.

முதலில் ஏறி உட்கார்ந்தது மாமி. வாப்பாவின் தங்கை. அப்போது பத்தொன்பது வயது. வாப்பாவின் உம்மா வாப்பா இருவரும் மௌத்தாகிவிட்டதால் மாமியும் அவருக்கு இளைய சின்ன மாமியும் எங்கள் வீட்டிலேயே வளர்ந்தார்கள். மாமி தலை முட்டாக்கை இழுத்துவிட்டுக்கொண்டு முன்வாங்கில் அமர்ந்து, "எங்க புள்ள போற இந்த டிராம்?" என்று கேட்டார்.

"கொழும்புக் கோட்டைக்கு" என்றேன்.

"கோட்டைக்கு நான் போகல்ல. மக்கத்துக்குப் போவியா?"

சிரித்தபடி எல்லாச் சாய்மனைகளையும் ஒவ்வொன்றாகத் தட்டித் திருப்பினார். டக், டக், டக். வாப்பாவும் சிரித்தார். அவர் சிரித்ததை நான் அதிகம் பார்த்ததில்லை.

மாமிக்கு மாப்பிள்ளை பார்த்திருந்தார்கள். வாத்தியார். நம்மில் வழக்கம் தெரியும்தானே, பெண்ணுக்கு வீடு கட்டிக் கொடுக்க வேண்டும். தெருப்பக்கம் வீடு எழும்பிக்கொண்டிருந்தது. மாரி தொடங்குமுன் ஓடு போட்டாயிற்று. அந்த நேரத்தில்தான் மாமியின் முழங்கையில் ஒரு வெள்ளை வட்டம் வந்தது. பிறகு கழுத்தில் ஒன்று. உதட்டோரம் ஒன்று.

உம்மாதான் முதலில் கண்டார். வாப்பா நாட்டு வைத்தியம் செய்யும் பரியாரியாரைக் கூட்டிவந்தார். பரியாரியார் மாமியைத் தொடவில்லை. மூன்று முழம் தள்ளி நின்று பார்த்தார். வாப்பாவை வெளியே கூப்பிட்டு ஒரு சொல் சொன்னார். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன்.

"குட்டம்."

அந்தக் காலத்தில் அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மட்டக்களப்பு வாவிக்குள் ஒரு தீவு ஆசுபத்திரி இருந்தது. அங்கே போனவர் திரும்பி வந்ததை ஊரில் யாரும் பார்த்ததில்லை. தகவல் தெரிந்தால் மாமியைக் கொண்டுபோவார்கள், சின்ன மாமிக்கும் மாப்பிள்ளை கிடைக்காது, என்னையும் ஒருவரும் கட்ட மாட்டார்கள் என்று உம்மா அழுதார். அடுத்த நாள் வாப்பா மரவாடியிலிருந்து பலகைகளைக் கொண்டுவந்து டிராமின் திறந்த பக்கங்களைத் தானே அடைத்தார். தச்சனைக் கூப்பிடவில்லை. ஆணி அடிக்கும்போது இரண்டு தடவை பெருவிரலில் அடித்துக்கொண்டார். ஏறுகிற இடத்தில் ஒரு கதவு, வெளிப்பக்கம் கொண்டி, கொண்டியில் ஓர் ஆமைப்பூட்டு.

"மட்டக்களப்புக்கு மருந்துக்குப் போய்ட்டா எண்டு செல்லுவம்" என்றார். "தீவுக்கு அனுப்ப என்ட மனசு விடல்ல."

இதை அவர் பெரிய கருணையாக நினைத்தார். சாகும்வரை அப்படித்தான் நினைத்தார். "நான் அவளத் தீவுக்கு அனுப்பல்லயே" என்று பல தடவை சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

மாமி தானாக நடந்துபோய் ஏறினார். பாயும் தலையணையும் ஒரு குர்ஆனும் கொண்டுபோனார். "எத்தின நாளைக்கு காக்கா?" என்று மட்டும் தன் அண்ணனிடம் கேட்டார். வாப்பா பூட்டினார்.

சோறு கொண்டுபோவது என் வேலை. பலகையின் அடியில் ஒரு சதுர ஓட்டை வெட்டியிருந்தது. சோற்றை வாழையிலையிலும் தேத்தண்ணியைச் சிரட்டையிலும் வைத்துத் தள்ளிவிட்டு, டிராமின் மணிக்கயிற்றை ஒருமுறை இழுத்துவிட்டுத் தூரப் போக வேண்டும். குடித்த சிரட்டையை உள்ளேயிருந்து அவர் வெளியே போடுவார். நான் தடியால் தள்ளிக் குழியில் போட்டு எரிப்பேன். உம்மா என் கையைச் சாம்பல் போட்டுத் தேய்ப்பார். தோல் உரியும்வரை தேய்ப்பார்.

முதல் நாட்களில் மாமி கதை கேட்பார். "இண்டைக்குப் பள்ளிக்கூடத்தில என்ன படிச்ச?" நான் பதில் சொல்ல மாட்டேன். மூச்சில் வியாதி ஒட்டும் என்று உம்மா சொல்லியிருந்தார். வாயைப் பொத்திக்கொண்டு ஓடுவேன்.

இனி உங்கள் பங்கு வருகிறது.

டிராம் வந்த புதிதில் பின்பக்க வாங்கின் அடியில் ஒரு தகரப்பெட்டி கண்டெடுத்திருந்தேன். உள்ளே கட்டுக்கட்டாகப் பயணச் சீட்டுகள், வெளிறிய ரோஜா நிறத்தில், மெல்லிய கடதாசி. அதை யாருக்கும் காட்டாமல் வைத்திருந்தேன். மாரி நடுவில், பள்ளிக்கூடத்தில் பக்கத்து வாங்கில் இருந்தவளிடம் வாய் தடுக்கிச் சொல்லிவிட்டேன். என்ட மாமிக்குக் குட்டம், டிராமுக்குள்ள இரிக்கா. அவள் நம்பவில்லை. காட்டுகிறேன் என்றேன். சும்மா காட்ட மாட்டேன் என்றும் சொன்னேன்.

ஒரு சீட்டுக்கு இரண்டு கொய்யாக்காய். அல்லது ஒரு தலைக்கிளிப். அல்லது ஒரு துண்டு சிலேற் பென்சில். சீட்டு உள்ளவர்கள் பகல் பள்ளி விட்டதும் வட்டை வரம்பால் வந்து, வாப்பா இல்லாத நேரம் பார்த்து, பலகை இடுக்கால் ஒரு கண்ணை வைத்துப் பார்க்கலாம். பெரியவர்களிடம் சொல்வதில்லை என்று அல்லாஹ்மேல் சத்தியம் வாங்கினேன். நீங்கள் எல்லோரும் சத்தியம் செய்தீர்கள். ஒரு மாதத்துக்கு மேல் காப்பாற்றினீர்கள்.

முதலில் வந்தவர்களுக்கு ஏமாற்றம். ஒரு பெண் பாயில் இருந்து ஓதிக்கொண்டிருக்கிறாள், அவ்வளவுதான். குட்டம் என்றால் விரல் உதிரும் என்று கேள்விப்பட்டவர்கள் நாங்கள். ஒருத்தி பலகையில் தட்டிக் கேட்டாள்:

"கையக் காட்டுங்க பாப்பம்!"

மாமி எழுந்து வந்தார். ஏன் வந்தார் என்று அப்போது யோசிக்கவில்லை. இடுக்குக்குப் பக்கத்தில் இரண்டு கையையும் விரித்துப் பிடித்தார். வெளியே நின்றவர்கள் சத்தம் போட்டு எண்ணினார்கள். ஒண்டு, ரெண்டு, மூண்டு. பத்தும் இருந்தது.

"இன்னும் விழல்ல" என்றாள் ஒருத்தி. குரலில் அத்தனை கவலை.

அதற்குப் பிறகு தினமும் அதுவே விளையாட்டு. எண்ணுவதற்காகவே இரண்டாம் தரம் மூன்றாம் தரம் சீட்டு வாங்கியவர்கள் உண்டு. மாமி ஒரு நாளும் மறுக்கவில்லை. ஒருநாள் மழையில் யாரும் வரவில்லை. நான் சோற்றைத் தள்ளிவிட்டுத் திரும்பும்போது உள்ளேயிருந்து, "இண்டைக்குப் புள்ளைகள் வரல்லயா?" என்று கேட்டார். நான் ஓடிவிட்டேன்.

வேளாண்மை கதிர் முற்றுகிற நேரம் கலியாணம் நடந்தது. ஆம், அதே கலியாணம். மாப்பிள்ளை வீட்டார் நாளைத் தள்ளமாட்டோம் என்றார்கள், வீடும் கட்டி முடிந்திருந்தது. மூத்தவளுக்குச் சுகமில்லை, இளையவளைத் தருகிறோம் என்று வாப்பா சொன்னார். அவர்கள் ஒத்துக்கொண்டார்கள். மாமிக்கு எடுத்த கூறைச்சேலை, மாமிக்கு அடித்த காப்பு, மாமிக்குக் கட்டிய வீடு. சின்ன மாமிக்குப் பதினாறு வயது. காப்பு பெரிதாக இருந்ததால் நூல் சுற்றிப் போட்டார்கள். அவள் அழுதுகொண்டே இருந்தாள், மணப்பெண் அழுவது வழக்கம்தானே என்று யாரும் கவனிக்கவில்லை.

பகல் நிக்காஹ் முடிந்ததும் பெண்கள் குரவை போட்டார்கள். அந்தச் சத்தம் வட்டைக்கு அப்பாலும் கேட்டிருக்கும். நான் கலியாணச் சோற்றை இலையில் கட்டிக்கொண்டு டிராமுக்குப் போனேன். அடுத்த வீட்டுக் கலியாணம் என்று சொல்லும்படி உம்மா சொல்லியிருந்தார்.

"ஆருக்கு புள்ள கலியாணம்?"

பலகைக்குப் பின்னால் மிக அருகில் குரல் கேட்டது. இத்தனை நாளில் நான் அவருக்குச் சொன்ன முதல் பதில் அதுதான்.

"சின்ன மாமிக்கு. உங்கட மாப்பிள்ளதான். உங்கட சீலைதான் உடுத்திரிக்கா."

ஏன் சொன்னேன்? பொய் சொல்லக் கூடாது என்று படித்ததாலா? இல்லை. சொன்னால் என்ன செய்வார் என்று பார்க்க ஆசையாக இருந்தது. அதுதான் உண்மை.

இலை அப்படியே கிடந்தது. நான் வேலிவரை போன பிறகு அந்தச் சத்தம் தொடங்கியது. டக். டக். டக். வாங்குகளின் சாய்மனைகளை ஒவ்வொன்றாகத் திருப்பிக்கொண்டு கடைசிவரை போகிறார், பிறகு மறுபடி திருப்பிக்கொண்டு வருகிறார். அசர் தொழுகைக்குப் பிறகும் அந்தச் சத்தம் கேட்டது. கலியாண வீட்டில் யாரோ, "என்னகா அது, தச்சு வேலையா?" என்று கேட்டார்கள். "பின்வளவில எலி" என்றார் உம்மா.

அடுத்த வாரம் பள்ளிக்கூடத்துக்கு ஊசி போட நர்ஸ் மிஸ்ஸி வந்தார். கல்முனையில் இருந்த மெதடிஸ்த வேதக்காரி, சைக்கிளில் வருவார். உங்களில் ஒருத்தி கைக்குள் எதையோ பொத்தி வைத்திருந்தாள். கையைத் திறக்கச் சொன்னார். ரோஜா நிறச் சீட்டு.

"இதென்ன பிள்ள?"

ஊசிக்குப் பயந்திருந்த பிள்ளை சத்தியத்தை மறந்துவிட்டது. "குட்டக்காரியப் பாக்கிற டிக்கட் மிஸ்ஸி."

மிஸ்ஸி அன்று பகலே எங்கள் வளவுக்கு வந்தார். வாப்பா மறுத்துப் பார்த்தார். "திறக்காட்டி நான் விதானையாரோடதான் வருவன் போடியார்" என்றதும், கிராம அதிகாரிக்குப் பயந்து திறப்பை எடுத்தார். கதவு திறந்தபோது வந்த மணத்தை நான் எழுதப் போவதில்லை. மிஸ்ஸி முகத்தைச் சுளிக்கவில்லை. உள்ளே போய் மாமியின் பக்கத்தில், அதே வாங்கில் உட்கார்ந்தார். கண்ணை மூடச் சொல்லி, ஒரு கோழிச்சிறகால் வெள்ளை வட்டத்தைத் தொட்டார்.

"படுதா தங்கச்சி?"

"படுது."

ஊசி முனையால் தொட்டார். "இப்ப?"

"குத்துது."

ஒவ்வொரு வட்டமாக, கழுத்து, உதடு, புதிதாகக் காலில் வந்தது எல்லாம் தொட்டார். பிறகு வெளியே வந்து வாப்பாவின் முகத்தைப் பார்த்துச் சொன்னார்: "குட்டமெண்டா அந்த இடத்தில உணர்ச்சி செத்துப்போகும் போடியார். இவவுக்கு எல்லாம் உணருது. இது வெண்படை. ஆருக்கும் தொத்தாது. ஒரு ஊசியால பாத்திருக்கலாம்."

வாப்பா தரையைப் பார்த்தார். இந்த இடத்தில் அவர் அழுதார், கதவைப் பிடுங்கி எறிந்தார் என்று எழுத எனக்கும் ஆசைதான். அவர் சொன்னது இது:

"புது மாப்பிள்ள வீட்டில இரிக்காரு மிஸ்ஸி. விருந்து முடிய இன்னும் ஏழு நாள். அதுக்குப் பொறகு எடுக்கிறன்."

மறுபடி பூட்டினார்.

மிஸ்ஸி அந்த ஏழு நாளும் வந்தார். பூட்டிய டிராமின் மிதிபலகையில் உட்கார்ந்து பலகைக்கு இந்தப் பக்கமிருந்து கதைத்தார். என்ன கதைத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. ஒருமுறை மாமி சிரித்தது மட்டும் கேட்டது.

எட்டாம் நாள் வாப்பா கதவைத் திறந்து, "வா, வீட்ட போவம்" என்றார். மாமி வெளிச்சத்தில் கண்ணை மூடிக்கொண்டு கொஞ்சநேரம் நின்றார். தெருப்பக்கம் புது வீட்டின் ஓடு தெரிந்தது.

"எந்த வீட்ட காக்கா?"

வாப்பா பூட்டை மடியில் செருகிக்கொண்டு முன்னால் நடந்தார். பிறகு வளவுக்குள்ளேயே ஓர் அறை கட்டிக் கொடுத்தார். மாமி கலியாணம் முடிக்கவில்லை. வெண்படை மெல்ல மெல்ல உடம்பு முழுதும் பரவி, நாற்பது வயதில் நிறமே மாறிப் போனார். ஊர்ப்பிள்ளைகள் வெள்ளைக்கார மாமி என்றார்கள். அந்த அறையில் பெண்பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுத்தார். உங்கள் பிள்ளைகளுக்கும் அவர்தான் ஓதிக் கொடுத்தார். அனுப்பும்போது உங்களுக்கு என்ன தோன்றியது என்று நான் கேட்டதில்லை.

எனக்கு முதல் பிள்ளை பிறந்திருந்தபோது ஒருநாள் அவரிடம் அழுதேன். சீட்டு, கொய்யாக்காய் எல்லாம் சொன்னேன். அவர் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டே, "நீ அப்ப சின்னப்புள்ள. அதுகள் வரல்லெண்டா நான் ஆர்ர முகத்தப் பாத்திருப்பன்?" என்றார். அத்தோடு அந்தக் கதை முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

டிராமில் பிறகு நெல் மூட்டை அடுக்கினார்கள். அதுவும் உண்மைதான். நாற்பது ஐம்பது வருடம் நெல், சாக்கு, மருந்தடிக்கிற மெஷின். சுனாமியில் கடல் ஊருக்குள் வந்த அன்றும் மேற்கே கிடந்ததால் தப்பியது. போன வருடம் என் காக்காவின் பேரன் அதைப் படமெடுத்து போனில் எங்கோ போட்டான். ஒரு மாதத்தில் கொழும்பிலிருந்து ஆட்கள் வந்தார்கள். பழைய டிராம்களைத் தேடித் திருத்தி, மக்கள் பார்க்க வைக்கப் போகிறவர்கள். அவர்களில் ஒரு பெண்பிள்ளை, கட்டிடக்கலை படிக்கிறவள், தமிழ் நன்றாகக் கதைத்தாள். ஒரு சின்னக் கத்தியால் வண்ணத்தைச் சுரண்டினாள். வாப்பா அடித்த நீலம், அதற்குக் கீழே பச்சை, அதற்குக் கீழே கருஞ்சிவப்பு, அதில் மஞ்சள் எழுத்தில் ஓர் இலக்கம். அதைக் கண்டதும் அந்தப் பிள்ளைக்குக் கண் கலங்கியது. "கொழும்பு முழுக்க ஓடின வண்டி ஆன்ட்டி, மிச்சமெல்லாம் விறகாப் போயிட்டு. இது தப்பினது எங்கட அதிர்ஷ்டம்" என்றாள். அடைத்த பலகையும் கதவும் கொண்டியும் பிற்காலத்தது, அதையெல்லாம் கழற்றிவிட்டு முதலில் இருந்தபடி ஆக்குவோம் என்றாள். சாய்மனையைத் தட்டிப் பார்த்தாள். நன்றாக ஆடியது. யாரோ நல்லாப் பாவித்திருக்கிறார்கள் என்று வியந்தாள்.

அவர்கள் இரண்டாம் முறை, டிராமை ஏற்றிப்போக வரும் நாளில் மாமி காலையிலேயே குளித்து, வெள்ளைச் சேலை உடுத்தி, வேம்பின் கீழ் கதிரை போடச் சொல்லி உட்கார்ந்திருந்தார். எண்பது தாண்டிய வயது. என்னைக் கூப்பிட்டார்.

"இண்டைக்கு அந்தப் புள்ள கேக்கும், இது இஞ்ச என்னவா இருந்த எண்டு. எழுதி வைக்கப் போறாங்களாம். நீ செல்லு. என்ட வாயால ஏலா."

"செல்லுறன் மாமி" என்றேன்.

கேட்டாள். டிராமைக் கிரேன் தூக்கி லொறியில் வைத்தபின், போனைப் பதிவுக்கு வைத்துக்கொண்டு, "இங்க வந்த பிறகு இதை எதுக்குப் பாவிச்சீங்க? பக்கத்தில ஒரு பலகையில எழுதுவம்" என்றாள்.

"நெல்லு" என்றார் காக்கா உடனே. "நெல்லுதான் போட்டு வச்ச."

"நீங்களும் சொல்லுங்க ஆன்ட்டி."

காக்கா என்னைப் பார்த்தார். அடுத்த மாதம் என் பேத்தியைப் பெண் பார்க்க வரவிருந்தார்கள், நல்ல இடம். வளவு நிறைய ஆட்கள் நின்றார்கள். வாப்பாவின் பெயரைச் சொல்லி இன்னும் மதிக்கிறவர்கள். என் நாக்கில் 'குட்டம்' என்ற அந்தச் சொல் வந்துவிட்டது. அதை விழுங்கினேன்.

"ஓம் மகள். நெல்லுதான்."

அந்தப் பிள்ளை சிரித்தபடி மாமியின் பக்கம் திரும்பினாள். "நீங்க ஏதாவது சொல்லுறீங்களா?"

மாமி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு முட்டாக்கைச் சரிசெய்துகொண்டு, "அவ செல்லிட்டாவே. எழுதுங்க" என்றார்.

அன்றிலிருந்து அவர் என்னோடு கதைக்கவில்லை. நான் சோறு கொண்டுபோனால் வாங்கிக்கொள்வார், தலையை ஆட்டுவார், அவ்வளவுதான். டிராம் திருத்தி முடிந்து, பளபளவென்று நிற்கிற படத்தைப் பேரன் காட்டினான். பக்கத்தில் பலகை, மூன்று மொழியில். கிழக்கில் ஒரு விவசாயக் குடும்பத்தால் நெற்களஞ்சியமாகப் பேணிக் காக்கப்பட்டது என்று எழுதியிருந்தது. மாமிக்கு அதைக் காட்ட வேண்டாம் என்றேன். அவன் ஏற்கெனவே காட்டிவிட்டிருந்தான்.

நோன்புக்கு முந்திய மாதம் மாமி மௌத்தானார். நித்திரையில் போய்விட்டார். குளிப்பாட்ட வேண்டும். சின்ன மாமி முன்பே போய்விட்டதால் நெருங்கிய உறவில் பெண் நான்தான் என்று, கைகால் கழுவி வுளூ செய்து, சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு மறைப்புத் துணியைத் தூக்கப் போனேன். மாமியிடம் ஓதிய பெண் ஒருத்தி, உங்களில் ஒருத்தியின் மகள், உள்ளேயிருந்து வந்து என் முன்னால் நின்றாள். அவளுக்கு என்னைப் பார்க்கச் சங்கடமாக இருந்தது.

"மௌத்தானா ஆரு குளிப்பாட்டணுமெண்டு மாமி வசியத்துச் செஞ்சிட்டுப் போயிரிக்காங்க" என்றாள் மெதுவாக. "ஆரு வேணுமெண்டாலும் குளிப்பாட்டட்டும், உங்கட கை மட்டும் அவங்களில படக் கூடாதாம்."

"சின்னப்புள்ளைல செஞ்சத்துக்கா?" என்று கேட்டேன்.

"இல்ல. அத மன்னிச்சிட்டன் எண்டும் செல்லச் சொன்னாங்க."

துணியை இழுத்துவிட்டு அவள் உள்ளே போனாள். உள்ளே பெண்கள் தண்ணீர் ஊற்றத் தொடங்கினார்கள். நான் வெளியே நின்றேன்.